கேள்வி பதில்: முடிவு வரவில்லையா? போய்க் கேட்டு வாங்குங்கள்

பெண்கள் உடல்நலம் பற்றி இம்முறை வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று புரிந்தது. நோய் என்ன என்பதைவிட, ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன கேட்பது, எந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வருவது என்பதில்தான் நம் பெண்களுக்குக் குழப்பம் அதிகம். அதனால் பதில்களில் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. ஐந்து மாதத்துக்கு முன் சுகாதார கிளினிக்கில் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல் சோதனை) எடுத்தேன். ஏதும் இருந்தால் கூப்பிடுவோம் என்றார்கள். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. நல்லபடியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா? இப்போது எச்பிவி சோதனை என்று வேறொன்றைச் சொல்கிறார்களே, அதையும் எடுக்க வேண்டுமா? ஆண் டாக்டர் என்றால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.
வாசகி, செந்தூல்

பதில்: விட்டுவிடாதீர்கள். யாரும் கூப்பிடாததற்கு நான்கைந்து காரணம் இருக்கலாம்; எல்லாம் நலம் என்பது அவற்றில் ஒன்று மட்டுமே. கிளினிக்கில் எடுத்த மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய், வரிசையில் காத்திருந்து, பார்க்கப்பட்டு, அறிக்கையாகத் திரும்பி வர வேண்டும். இதற்கிடையில் உங்கள் கைப்பேசி எண் மாறியிருக்கலாம். மோசடி அழைப்புக்குப் பயந்து, தெரியாத எண் என்று நீங்களே எடுக்காமல் விட்டிருக்கலாம். அறிக்கை வேறொருவர் கார்டுக்குள் போயிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. மாதிரியில் செல்கள் போதவில்லை, அல்லது இரத்தமோ தொற்றோ மறைத்துவிட்டது என்றால் 'தீடாக் மெமுவாஸ்கான்', அதாவது திருப்தியில்லை என்று முடிவு வரும். நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சோதனையை மறுபடி எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அடையாள அட்டையையும் கிளினிக் கார்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முகப்பில் 'நா தாஞா கெபுதுசான் பாப் ஸ்மியர் சாயா', அதாவது என் பாப் ஸ்மியர் முடிவைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும். முடிவை வாயால் சொன்னதோடு திரும்பிவிடாமல், தாளைப் பார்த்து, அனுமதி கேட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'என்ஐஎல்எம்' என்று இருந்தால் புற்று மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று பொருள். 'எச்எஸ்ஐஎல்' என்று இருந்தால் செல்களில் கடுமையான மாற்றம் என்று பொருள்; கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பிக்கு உடனே தேதி வேண்டும். 'ஆஸ்கஸ்' என்றால் தெளிவாகச் சொல்ல முடியாத சிறு மாற்றம்; பதறத் தேவையில்லை, ஆனால் அடுத்து என்ன, எப்போது என்று கேட்காமல் கிளம்பக்கூடாது. இனி எந்தச் சோதனை எடுத்தாலும் அன்றே மூன்று கேள்வி: முடிவு எத்தனை வாரத்தில் வரும், எந்த எண்ணுக்கு அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் நான் எந்த நாள் வரட்டும்.

எச்பிவி சோதனை பாப் ஸ்மியரைவிடக் கூர்மையானது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்பதையே அது பார்க்கிறது. அந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைக் கிருமிகளே காரணம். மலேசியாவில் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. கிருமி இல்லை என்று வந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். பாப் ஸ்மியர் 3 ஆண்டுக்கு ஒருமுறை.

உங்கள் கூச்சத்துக்கும் இதில் வழி இருக்கிறது. மாதிரியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான குச்சி ஒன்று தருவார்கள். மறைவான இடத்தில் அதைப் பிறப்புறுப்புக்குள் சில சென்டிமீட்டர் செலுத்தி, சொன்ன அளவுக்குச் சுழற்றி, குழாயில் போட்டுக் கொடுத்துவிடலாம். கருப்பை வாயைத் தேடித் தொட வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களில் எடுக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே உள்ளே வைக்கும் மருந்து, களிம்பு எதுவும் வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரோஸ் திட்டம் இந்த முறையைத்தான் பரப்பி வருகிறது. சுகாதார கிளினிக்கிலோ, தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன்னின் நூர் செஜாத்ரா கிளினிக்கிலோ இப்போது கிடைக்கிறதா என்று கேளுங்கள். டாக்டரோ தாதியோ எடுப்பதானால் பெண்தான் வேண்டும் என்று கேட்கலாம். பெண் இல்லாத நேரத்தில் ஆண் டாக்டர் பரிசோதித்தால் பெண் ஊழியர் ஒருவர் அறையில் உடனிருக்க வேண்டும்.

எச்பிவி இருக்கிறது என்று முடிவு வந்தால் வீட்டில் சண்டைக்கு அதைக் காரணமாக்காதீர்கள். இந்தக் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடம்பில் தங்கியிருக்கக் கூடியது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிருமி இருப்பது புற்றுநோயும் ஆகாது. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். அந்த அவகாசத்தில் பிடித்துவிடுவதற்குத்தான் இந்தச் சோதனை. உங்கள் மகள் 13 வயதை எட்டினால் பள்ளியில் தரும் எச்பிவி தடுப்பூசிப் படிவத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். 2010 முதல் அரசாங்கம் அதை மாணவிகளுக்கு இலவசமாகப் போட்டு வருகிறது.

கேள்வி: வயது 31. இரத்தம் குறைவு என்று ஓராண்டாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். எச்பி (ஹீமோகுளோபின் அளவு) 9.8-லேயே நிற்கிறது. கீரை, பேரீச்சை எல்லாம் சாப்பிட்டும் பயனில்லை. அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓராண்டு மாத்திரைக்கும் எச்பி அசையவில்லை என்றால் அநேகமாக மூன்றில் ஒன்று நடக்கிறது. மாத்திரை உடம்பில் சேரவில்லை, சேர்வதைவிட அதிகமாக இரத்தம் போகிறது, அல்லது உங்கள் குறை இரும்புக் குறையே இல்லை.

முதலில் மாத்திரை. கிளினிக்கில் பெரும்பாலும் கொடுப்பது 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட். அதில் உள்ள இரும்பு 65 மில்லிகிராம். காலையில் நாசி லெமாக்கும் தே தாரிக்கும் முடித்த கையோடு அதை விழுங்கினால், தேநீரில் உள்ள சத்துக்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குப் போகவிடாது. பால், கால்சியம் மாத்திரை, வயிற்றுப்புண் மருந்து எல்லாமே அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடோ கொய்யாவோடோ சாப்பிடுங்கள். குமட்டினால் இரவு படுக்கப் போகும்போது சாப்பிடலாம். நிறுத்திவிடுவதைவிட அது மேல். கர்ப்பம் இல்லாத நேரத்தில் தினமும் சாப்பிடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் குடல் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பை ஈர்க்கிறது. இது உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. சரியாகச் சேர்ந்தால் நான்கு வாரத்தில் எச்பி குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். அளவு 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அதற்குப் பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். கீரையிலும் பேரீச்சையிலும் உள்ள இரும்பு நல்லதுதான். ஆனால் உடம்பில் சேர்வது குறைவு. எச்பி 9.8-ல் நிற்பவரை அவை மட்டும் மேலே கொண்டுவராது.

அடுத்து மாதவிலக்கு. 'எனக்கு எப்போதும் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது, எண்ணாகச் சொல்லுங்கள். ஒரு பேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடுகிறதா, இரண்டு பேட் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறதா, இரவில் மாற்றுவதற்காகவே எழுகிறீர்களா, 50 சென் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறதா, 7 நாளுக்கு மேல் போகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது அதிகப் போக்கு. இரண்டு மாதம் எழுதி வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கருப்பையில் வளரும் ஃபைப்ராய்ட் என்ற சதைக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

மூன்றாவதுதான் அடிக்கடி விட்டுப்போவது. இரத்தச் சோதனைத் தாளில் எச்பிக்குக் கீழே எம்சிஎச் என்று ஓர் எண் இருக்கும்; ஒரு சிவப்பணுவில் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை அது காட்டும். அது 27-க்குக் கீழே இருந்தால் இரண்டு சாத்தியம்: இரும்புக் குறை, அல்லது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர். எம்சிஎச் குறைந்திருக்க, சிவப்பணுக்களின் எண்ணிக்கை மட்டும் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால் தலசீமியாப் பக்கம் சந்தேகம் கூடும். பிரித்தறிய, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பி அனாலிசிஸ் சோதனையும் வேண்டும். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் முதலில் இரும்பை நிரப்பிவிட்டு எச்பி அனாலிசிஸ் எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் பீட்டா தலசீமியா மறைந்துபோகக்கூடும். ஆல்ஃபா வகைக்குப் பல நேரங்களில் மரபணுச் சோதனைதான் தேவைப்படும். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல. சாதாரணமாக வாழலாம். ஆனால் இரும்புக் குறை இல்லாமலே ஆண்டுக்கணக்காக இரும்பு தின்றுகொண்டிருக்கக்கூடாது.

நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியாச் சோதனை 2016-ல்தான் வந்தது. உங்கள் வயதுக்காரர்கள் அதில் விட்டுப்போனவர்கள். நீங்கள் குழந்தைக்கு முயல்வதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் சுமப்பவர் என்று தெரிந்தால் கணவரும் சோதிக்க வேண்டும். இருவருமே பீட்டா வகையைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடும் தலசீமியாவோடு குழந்தை பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கருவுற்ற பிறகு தெரிய வந்தால் எல்லா முடிவையும் அவசரத்தில் எடுக்க நேரும்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. இடது மார்பில் கட்டி. சுகாதார கிளினிக்கில் காட்டினோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே ஏழு வாரம் தள்ளித் தேதி. ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதால் அம்மா போகவே மறுக்கிறார். வசதி குறைந்த குடும்பம்.
வாசகி, பாகான் டாலாம், பட்டர்வொர்த்

பதில்: ஏழு வாரம் காத்திருக்க வேண்டாம். தேதியைத் தீர்மானிப்பது அந்தக் கடிதத்தில் உள்ள வார்த்தைகள்தான். 'மார்பில் கட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரண வரிசைக்குப் போகும். கட்டி எத்தனை சென்டிமீட்டர், கல் போல் கெட்டியா, அசைகிறதா, தோல் உள்ளிழுத்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் போல் ஆகியிருக்கிறதா, காம்பு திரும்பியிருக்கிறதா, இரத்தம் கசிகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுபடி கிளினிக்குக்குப் போய், விவரங்களோடு 'செகெரா', அதாவது அவசரம் என்று குறித்துத் தரும்படி கேளுங்கள். டாக்டரே அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினால் தேதி பெரும்பாலும் முன்னால் வரும். இப்படிக் கேட்பது சண்டை போடுவது ஆகாது; டாக்டர்கள் அன்றாடம் செய்கிற வேலைதான்.

அங்கே மூன்று படி. கையால் பரிசோதனை, மேமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும், பிறகு ஊசியால் சதைத்துணுக்கு எடுப்பது. மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு. மேமோகிராமுக்குப் போகும் நாள் அம்மா மார்புக்கும் அக்குளுக்கும் பவுடர் போட வேண்டாம், டியோடரண்டும் வேண்டாம். பவுடரின் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும். மேலாடை தனியாகக் கழற்றக்கூடிய உடையாக இருக்கட்டும். பழைய படங்கள் ஏதும் இருந்தால் எடுத்துப் போங்கள்.

ஊசியால் பரவும் என்பது தவறு. அதனால் ஆயுள் குறைவதாக எந்தச் சான்றும் இல்லை. மரக்க ஊசி போட்டு, பென்சில் முனை அளவுள்ள ஊசியால் நூல் போன்ற சில துணுக்குகளை எடுப்பார்கள். மயக்கம் தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம். இரத்தம் கெட்டியாகாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தத் துணுக்கு இல்லாமல் எந்த டாக்டராலும் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. புற்று என்று வந்தால் எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்றின் முடிவும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெர்2 முடிவு '2+' என்று இருந்தால் அது பாதி பதில்தான்; இன்னொரு சோதனை செய்தே உறுதி செய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தக்காரர்கள் 'ஊசி குத்தினால், கத்தி வைத்தால் பரவும்' என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் பார்த்த பெண்களில் பலர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் போனவர்கள். நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. பழி கத்தி மேல் விழுந்தது. அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். எண்ணெய் தடவுவதும் பத்தியம் இருப்பதும் மனத்துக்கு ஆறுதல் தருமானால் இருக்கட்டும், ஆனால் அதற்காக ஒரு வாரம்கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

பணம் பற்றி: குடிமக்களுக்குச் சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. அம்மா எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவராகவோ பெறுபவரின் துணையாகவோ இருந்தால், 40 வயதைத் தாண்டியிருப்பதால் பெக்கா பி40 திட்டத்தில் வருவார். அதில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் உண்டு. யாரும் தாமாக வந்து கொடுக்க மாட்டார்கள். சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையில் பெக்கா பி40 படிவம் எங்கே என்று கேளுங்கள். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்ற மருத்துவச் சமூகநலப் பிரிவு இருக்கிறது. வார்டு தாதியிடம் சொன்னால் அங்கே அனுப்பி வைப்பார். நீங்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: புற்று என்று உறுதியானால், அம்மாவுக்கு 50 வயதுக்குப் பிறகு வந்திருந்தாலும், நீங்கள் பரிசோதனைக்குப் போகும்போது குடும்பத்தில் உண்டு என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: வயது 58. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் லேசாக இரத்தம் பட்டது. வலி இல்லை. பார்க்க வேண்டுமா?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இந்த வாரமே பாருங்கள். நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது இயல்பல்ல. பெரும்பாலானோருக்குச் சாதாரண வறட்சியோ சிறு சதை வளர்ச்சியோதான் காரணம். ஆனால் கருப்பைப் புற்றின் முதல் அடையாளமும் இதுவே, அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். உள்வழி ஸ்கேனில் கருப்பை உள்சவ்வின் தடிப்பை அளப்பார்கள்; 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மெல்லிய குழாயால் துணுக்கு எடுப்பார்கள். பாப் ஸ்மியர் எடுத்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால் திருப்தி அடையாதீர்கள். பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கானது, கருப்பையின் உட்புறத்தை அது பார்க்காது. சர்க்கரை, உடல் பருமன், மார்புப் புற்றுக்குத் தமோக்சிஃபென் சாப்பிட்டது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 44. ஃபைப்ராய்ட் காரணமாகக் கருப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி மலாயில் ஒரு படிவம் தந்தார்கள், பாதி புரியவில்லை. கணவரும் கையெழுத்துப் போட வேண்டுமா? எடுக்காமல் இருக்க வழியே இல்லையா?
வாசகி, கெப்போங்

பதில்: புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கோடிட்ட இடம் காலியாக இருந்தாலும் போடாதீர்கள். 'சாயா தா ஃபாஹாம், போலே தெராங்கான் செகாலி லாகி?' என்று கேளுங்கள். எனக்குப் புரியவில்லை, இன்னொருமுறை விளக்க முடியுமா என்பது அதன் பொருள். தமிழ் தெரிந்த தாதியோ டாக்டரோ அநேகமாக எந்த வார்டிலும் இருப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அது பாரம், உங்களாலும் மனம் விட்டுக் கேட்க முடியாது.

18 வயதான, தெளிந்த மனமுள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய கையெழுத்துதான் செல்லும். கணவரிடம் கலந்து பேசுவது குடும்பத்துக்கு நல்லது. கருத்தடை போன்றவற்றில் மருத்துவமனைகள் கணவரையும் வரச் சொல்வது வழக்கம். ஆனால் முடிவு உங்களுடையது. ஆபத்துகளை விளக்க வேண்டியது டாக்டரின் கடமை. நோயாளி தெரிந்துகொள்ள விரும்பும் முக்கிய ஆபத்துகளைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற அளவுகோலை 2006-ல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மற்ற டாக்டர்கள் யாரும் சொல்வதில்லை என்பது மட்டும் இப்போது சாக்கு ஆகாது. கையெழுத்துப் போட்ட பிறகும் மயக்க ஊசிக்கு முன் வரை மனம் மாறலாம்.

எடுக்காமல் இருக்க வழி உண்டா என்பது கட்டியின் அளவு, இடம், உங்கள் எச்பி ஆகியவற்றைப் பொறுத்தது. இரத்தப்போக்குதான் பிரச்சினை என்றால் போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சமிக் அமில மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை, கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஃபைப்ராய்ட் புற்றாக இருப்பது மிக அரிது. மாதவிலக்கு நின்றபின் அது சுருங்குவதும் உண்டு. வலி, போக்கு, சிறுநீர்ப்பை அழுத்தம் எதுவுமே இல்லாமல், ஸ்கேனில் கட்டி தெரிந்தது என்பதற்காக மட்டும் எடுக்கச் சொன்னால் இரண்டாவது கருத்து கேட்பதே முறை. ஸ்கேன் அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு போனால் செலவு மிச்சம்.

எடுப்பது என்று முடிவானால் இவற்றைக் கேளுங்கள்: வயிற்றைத் திறந்தா, துளையிட்டா, கீழ்வழியா? கருப்பை வாயையும் எடுப்பீர்களா? விட்டுவைத்தால் பாப் ஸ்மியரோ எச்பிவி சோதனையோ தொடர வேண்டும், இதை யாரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சினைப்பைகளை என்ன செய்வீர்கள்? 44 வயதில் இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலைதான். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். நல்ல காரணம் இல்லாமல் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பதில் படிவத்தில் எழுத்தில் இருக்கட்டும். எச்பி குறைவாக இருந்தால் அறுவைக்கு முன் இரும்பு ஏற்றி உயர்த்த முடியுமா என்றும் கேளுங்கள், இரத்தம் ஏற்றும் தேவை குறையும். பிறகு ஆறு வாரம் தண்ணீர் வாளி, அரிசி மூட்டை தூக்கக்கூடாது. எடுத்த கருப்பையின் ஆய்வு அறிக்கையை மறுசந்திப்பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தனியார் மருத்துவமனையில் செய்வதானால் செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம், 27 வயது. சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் சோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இல்லையே, கட்டாயமா?
வாசகி, பிறை

பதில்: போங்கள். 25 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் இது செய்யப்படுகிறது. குடும்பத்தில் சர்க்கரை, பருமன், முன்பு பெரிய குழந்தை பிறந்தது என்றால் முன்னதாகவே செய்வார்கள். முந்தின நாள் இரவிலிருந்து 8 முதல் 10 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். முதல் இரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்து திரிந்தாலோ ஏதாவது கடித்தாலோ முடிவு தவறும். வாந்தி எடுத்தால் தாதியிடம் சொல்லுங்கள், மறுபடி செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரை. நிறைய பேருக்கு உணவு மாற்றமே போதும்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மைலோவும் கொண்டென்ஸ்ட் மில்க் கலந்த பானமும் வேண்டாம். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து இதே சோதனை மறுபடி உண்டு. குழந்தை வேலையில் அதை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வருகிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கேள்வி: மருமகள் அறுவைப் பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்திருக்கிறாள். வயிற்றில் போட ஊசி கொடுத்திருக்கிறார்கள், தினமும் குத்தணுமாம். நாங்கள் பத்தியச் சாப்பாடுதான் கொடுக்கிறோம், தண்ணீர் அதிகம் கொடுப்பதில்லை, வயிறு இறங்க இறுக்கிக் கட்டியிருக்கிறோம். ஊசி தேவையா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, ஊசியை ஒரு நாளும் விடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அறுவைப் பிரசவம், பருமன், 35 வயதுக்கு மேல், படுத்தே இருப்பது, தண்ணீர் குறைவது எல்லாம் அதைக் கூட்டும். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை மடித்துப் பிடித்துக் குத்த வேண்டும். குத்திய இடத்தைத் தேய்த்தால் இரத்தம் கட்டும். பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள கெட்டியான போத்தலில் போட்டுக் கிளினிக்கில் கொடுங்கள். இந்த வகை ஊசிகளில் பல பன்றியிடமிருந்து எடுக்கப்படுபவை. உணவு நெறி காரணமாக மனம் ஒப்பாவிட்டால், நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். செயற்கையாகத் தயாரித்த மாற்று மருந்தும் உண்டு.

உங்கள் பத்தியத்தில் பூண்டு, மிளகு, மீன் எல்லாம் நல்லவையே, தாராளமாகக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போகும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது உண்மையில்லை. கட்டு லேசாக இருக்கட்டும், தையலுக்கு மேல் அழுத்தக்கூடாது. பகலில் மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நடக்கட்டும். பிராந்தி கலந்த மருந்து வேண்டாம், பாலில் போய்விடும். சாம்பிராணிப் புகையைக் குழந்தை இருக்கும் அறையில் போடாதீர்கள், துணிகளுக்கு இடையில் அந்துருண்டையும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதன் வாடையே இரத்தச் சிவப்பணுவை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், 38 டிகிரி காய்ச்சலோ நாற்றமுள்ள கசிவோ இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலும் இரவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வீட்டுக்கு வரும் தாதி இரத்த அழுத்தம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் இல்லாத அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும் தலைகாட்டலாம். மருமகள் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதபடியோ, குழந்தையைப் பார்க்க விருப்பமில்லாமலோ இருந்தால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: பிரசவ அறையில் என்னை மிகவும் மோசமாகத் திட்டினார்கள், தொடையில் அடித்தார்கள். புகார் செய்தால் அடுத்த பிரசவத்தில் பழி வாங்குவார்களோ என்று பயம்.
வாசகி, கோலாலம்பூர்

பதில்: நடந்தது தவறு, வலியில் இருப்பவரை அடிக்க எவருக்கும் உரிமையில்லை. நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எந்த வார்டு, பெயர்ப்பட்டையில் பார்த்த பெயர் அல்லது ஆளின் அடையாளம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, யார் அருகில் இருந்தார்கள். அரசாங்க மருத்துவமனை என்றால் இயக்குநருக்கு எழுதலாம். அல்லது சிஸ்பா என்ற இணையப் புகார் முறையில் பதிந்து, அது தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்தே பதில் கேட்கலாம். தனியார் என்றால் முதலில் மருத்துவமனையின் குறைகேட்புப் பிரிவு, பிறகு சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு. டாக்டரின் ஒழுக்கம் பற்றியதானால் மலேசிய மருத்துவ மன்றம். திட்டு, அடி தவிர உடலுக்கும் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் மருத்துவ அறிக்கைக்கு உடனே விண்ணப்பியுங்கள். அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 36 மாதம் மட்டுமே, அறிக்கை வரவே சில மாதம் பிடிக்கும்.

அடுத்த பிரசவத்துக்கு வேறு மருத்துவமனையைக் கேட்கலாம். கர்ப்பப் பதிவின்போதே கணவர் பிரசவ அறையில் உடனிருக்க அனுமதி உண்டா, அதற்கு என்ன நிபந்தனை என்று கேட்டு, உங்கள் கர்ப்பப் புத்தகத்தில் எழுதித் தரும்படி தாதியிடம் சொல்லுங்கள்.